எதிரே அமர்ந்து கேட்டவர்

ஜானி கேஷ் என்னும் அமெரிக்கப் பாடகர் தம்முடைய 62-ஆவது வயதில், 1994-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ என்ற பெயரில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் 13 பாட்டுகள் இருக்கின்றன; எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாக ஓடும். தாளவாத்தியம் இல்லை, பின்பாட்டுக்காரர் இல்லை, வயலின் வரிசை இல்லை. ஒரு கித்தாரும், அதை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிற ஒரு மனிதரும் மட்டுமே. அந்தத் தட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் எளிமையைப் புகழ்ந்து, வேண்டாதவற்றையெல்லாம் கழித்துவிட்டதால் சத்தியம் மிஞ்சிற்று என்ற தோரணையிலே பேசியிருக்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்ப அதைக் கேட்டு வருகிற ரசிகன் என்ற முறையில், கழிக்கப்பட்டவற்றைக் காட்டிலும் புதிதாக வந்து சேர்ந்த ஒன்றுதான் அதன் ஜீவன் என்று எனக்குப் படுகிறது. அப்படி வந்து சேர்ந்தவர், பாடுகிறவருக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்.

கேஷ் கேட்பவருக்குப் பஞ்சப்பட்டவரா என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம். 1955-இல் மெம்பிஸ் நகரத்து ஸன் ரெக்கார்ட்ஸில் ஸாம் பிலிப்ஸிடம் தம் முதல் தட்டைப் பதிவு செய்து, மறு வருஷமே ‘ஐ வாக் த லைன்’ என்ற பாட்டினால் தேசம் முழுவதும் பிரக்யாதி அடைந்து, 1968 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஃபோல்ஸம் சிறைச்சாலைக்குள் சென்று கைதிகளின் முன்னிலையில் பாடி, அவர்களுடைய ஆரவாரத்தையும் சேர்த்தே உலகத்துக்குக் கொடுத்து, அடுத்த வருஷம் முதல் நாஷ்வில்லின் ரைமன் மண்டபத்திலிருந்து தொலைக்காட்சியில் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சி நடத்தியவருக்குக் கேட்பவர் எப்படிக் குறைவாக இருந்திருக்க முடியும்? கூட்டம் அவருக்கு ஏராளமாக இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. கூட்டம் ஒரு பாடகனை ஊக்குவிக்கும், சில சமயம் தூக்கி நிறுத்தும். ஆனால் கூட்டத்துக்கு அவனிடம் முன்பே தெரிந்த ஒன்று வேண்டும், அதைத்தான் அது மீண்டும் மீண்டும் கேட்கும். ஒரு தனி மனிதர் எதிரே உட்கார்ந்து, உங்களுக்குப் பிரியமானதைப் பாடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது வேறு ஒரு பாக்கியம். அந்தப் பாக்கியம் அவருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

எண்பதுகளில் அவர் நிலைமை பரிதாபமாக ஆகிக்கொண்டிருந்தது. 1958 முதல் 28 வருஷம் அவருடைய தட்டுகளை வெளியிட்டு வந்த கொலம்பியா கம்பெனி 1986-இல் அவரோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மெர்க்குரி கம்பெனிக்காகச் செய்த தட்டுகளை அதிகம் பேர் வாங்கவில்லை. 1988-இல் இருதய அறுவை சிகிச்சை. 1990-இல் பல் வைத்தியத்தின் விளைவாகத் தாடை எலும்பில் நேர்ந்த முறிவு, அதிலிருந்து தொடங்கிய தீராத வலி. மிஸௌரி மாகாணத்தில் பிரான்ஸன் என்னும் உல்லாச ஊரில் அவர் பெயர் தாங்கி எழும்பிக்கொண்டிருந்த அரங்கம் பணமுடையால் பாதியில் நின்றுபோயிற்று. அந்தக் காலத்துப் பாட்டுகளில் 1984-இல் வெளிவந்த ‘த சிக்கன் இன் பிளாக்’ என்பது, மூளை மாற்று சிகிச்சையையும் ஒரு கோழியையும் வைத்துக் கட்டிய ஹாஸ்யப் பாட்டு; அதைக் கேட்கும்போதெல்லாம், இத்தனை கம்பீரமான சாரீரத்தை இதற்கா செலவழித்தார்கள் என்று எனக்கு மனம் நோகும். அவருக்கே அந்தப் பாட்டு அறவே பிடிக்கவில்லை. ஆனால் எந்தப் பாட்டு தம்முடையது, எது தம்முடையதல்ல என்று நிதானிக்க, சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் செவி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

1993-இன் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் ஸான்டா ஆனா என்ற ஊரில் அவர் பாடி முடித்த பிறகு, ரிக் ரூபின் என்ற இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். நீண்ட தாடியும் தலைமயிரும் கொண்ட, முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், நியூயார்க்கில் மாணவராக இருக்கும்போதே டெஃப் ஜாம் கம்பெனியை ரஸ்ஸல் ஸிமன்ஸுடன் சேர்ந்து நடத்தி, எல்.எல். கூல் ஜே, பீஸ்டி பாய்ஸ் முதலியோரின் ராப் தட்டுகளையும், பின்னர் ஸ்லேயர் போன்ற குழுக்களின் செவி பிளக்கும் இரும்பிசையையும் தயாரித்துப் பெயர் பெற்றவர். கிராமியப் பாட்டுக்கும் அவருக்கும் வெளிப்படையாக எந்தச் சம்பந்தமும் இல்லை. இதுவரை யாரும் செய்யாத எதை என்னை வைத்துச் செய்யப் போகிறீர் என்று கேஷ் கேட்டதற்கு, என் வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து நீங்கள் நேசிக்கிற பாட்டுகளைப் பாடுங்கள், அதிலிருந்து நமக்கு வழி தெரியும் என்ற பொருள்பட அவர் விடை சொன்னார். விற்பனையைப் பற்றியோ வானொலியைப் பற்றியோ நவீன ரசனையைப் பற்றியோ பேச்சில்லை. பெரிய கலைஞர் ஒருவருக்குச் செய்யக்கூடிய உபசாரங்களில் இதைவிட உயர்ந்ததொன்று எனக்குத் தோன்றவில்லை.

லாஸ் ஏஞ்ஜலிஸில் ரூபினுடைய வீட்டு முன்கூடத்திலும், பிறகு டென்னஸி மாகாணத்து ஹெண்டர்ஸன்வில்லில் கேஷின் சொந்த மரக்குடிலிலும் அந்தப் பாட்டு நடந்தது. பால்யத்தில் வானொலியில் கேட்டவை, தாய் பாடியவை, மாடு மேய்ப்போர் பாட்டுகள், ரயில் பாட்டுகள், கொலைக் கதைகள், தோத்திரங்கள், தாமே புதிதாகக் கட்டியவை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவர் பாட, ரூபின் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் மற்ற வாத்தியக்காரர்களை அழைத்துப் பரீட்சையும் செய்தார்கள். செய்துவிட்டு, முன்கூடத்தில் தனியாகப் பாடியதே சிறந்தது என்று தீர்மானித்தார்கள். கேஷுக்கு வெகு காலமாகவே இப்படியொரு தட்டுச் செய்யும் ஆசை இருந்தது. நடுநிசிக்குப் பின், தன்னந்தனியே, கித்தாரும் தாமுமாக இருக்கிற தட்டு ஒன்று வேண்டும் என்று அவர் பல வருஷங்களுக்கு முன்பே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் கற்பனை செய்திருந்த தனிமை அந்தத் தட்டில் இல்லை. இருந்திருந்தால் அது சோகமான ஒரு முணுமுணுப்பாக முடிந்திருக்குமோ என்னவோ. ஒரு தட்டுக்கான பாட்டுகளைத் தனியே உட்கார்ந்து பாடுகிற எவரும் தமக்கே பாடிக்கொள்ளும் அபாயம் உண்டு. இதில் வருகிற குரலோ ஒவ்வொரு சொல்லையும் மற்றொருவரிடம் ஒப்படைக்கிறது, ஒப்படைத்தபின் அது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு க்ஷணம் நிற்கிறது.

அந்த நிற்றலைப் பற்றி ரசிகர்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை. கேஷுக்கு ஒருபோதும் பெரிய ஸ்தாயி விஸ்தாரம் இருந்ததில்லை. அவர் ஆட்சி எல்லாம் மந்தரத்தில். 62 வயதில் அந்த மந்தரத்தின் அடியில் ஒரு கரகரப்பு படிந்திருக்கிறது. மேலே ஏற வேண்டிய இடங்களில் ஸ்வரம் சற்றே தளர்ந்து, சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது. வாத்தியக் கூட்டம் பின்னால் இருந்திருந்தால் இவை யாவும் மறைந்திருக்கும். வாசிப்புக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெறும் கட்டைவிரலால் அவர் கம்பிகளைத் தடவுவதால், கித்தாரின் ஒலி மழுங்கி, குரலுக்குப் போட்டியாக இல்லாமல் குரலின் கீழே தரைபோல் கிடக்கிறது. மைக் வாய்க்கு வெகு சமீபத்தில் இருப்பதால் அடிக்கு அடி அவர் மூச்சை இழுப்பது கேட்கிறது. உதடு பிரிவது கேட்கிறது. சொல்லின் முதலெழுத்தை அவர் எவ்வளவு அழுத்தத்தோடு எடுக்கிறார், கடைசி எழுத்தை எப்படி மெல்லக் கைவிடுகிறார் என்பதை, நேரே பேசிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கவனிப்பது போலக் கவனிக்க முடிகிறது. பாட்டின் அடிகளுக்கிடையே தாளம் கண்டிப்பாக ஓடுவதில்லை. அர்த்தம் கேட்கிற அளவுக்கு அது நீள்கிறது, குறுகுகிறது. எதிரே கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதை சொல்கிறவரால்தான் இப்படிக் காலத்தைக் கையாள முடியும்.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். ‘டீலியா’ஸ் கான்’ என்பது பழைய கொலைப் பாட்டு. 1900-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜார்ஜியா மாகாணத்து ஸவானா நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட டீலியா கிரீன் என்ற பதினான்கு வயதுப் பெண்ணின் கதை பல வாய்களில் மாறி மாறி வளர்ந்து பாட்டானது. கேஷ் அதை 1962-இலேயே தம்முடைய குழுவோடு ஒரு தரம் பதிவு செய்திருந்தார். அந்தப் பழைய பதிவில் பாட்டு துள்ளிக்கொண்டு போகிறது. கொலையைப் பற்றிப் பாடுகிறோம் என்ற நினைவு பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் வெகு தூரத்திலே இருக்கிறது. 1994-இன் பதிவில் கொலைகாரன் சிறைக்குள்ளிருந்து பேசுகிறான், குரலை உயர்த்தவில்லை, அழவில்லை, நியாயம் கற்பிக்கவில்லை, செய்ததைச் சொல்கிறான். அந்த நிதானம் பயங்கரமாக இருக்கிறது. இந்தப் பாட்டை மேடையில் ஆயிரம் பேருக்குப் பாடினால் அது ஒரு வேடிக்கைக் கதை. ஒருவருக்கு மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னால் பாவமொப்புக்கொள்ளுதல் ஆகிறது. கேட்பவனாகிய நான் அறியாமலே அந்த ஒருவரின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறேன். எழுந்து போகவும் முடியவில்லை.

தட்டில் உள்ள மற்றப் பாட்டுகளை இந்தக் கண்ணோட்டத்தோடு பார்த்தால், எந்த விதியின்படி அவை பொறுக்கப்பட்டன என்பது விளங்கும். ஏறக்குறைய எல்லாமே, ஏதோ ஒரு தவற்றைச் செய்துவிட்டு அதை இன்னொருவரிடம் சொல்ல வந்திருப்பவரின் பேச்சு. நிக் லோ எழுதிய ‘த பீஸ்ட் இன் மீ’ தனக்குள்ளே அடைபட்டிருக்கிற மிருகத்தைப் பற்றிய பாட்டு. கேஷின் வளர்ப்பு மகளான கார்லீன் கார்ட்டரை மணந்திருந்த நாட்களில் லோ அதைக் கேஷுக்காகத் தொடங்கி, முடிக்க முடியாமல் கிடப்பில் போட்டுவிட, கேஷ் சந்திக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டு என்ன ஆயிற்று என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம். மணவாழ்க்கை முறிந்த பிறகுதான் பாட்டு முடிந்தது. மயக்க மாத்திரைகளின் பிடியில் பல ஆண்டுகளைக் கழித்த கேஷ் அதைப் பாடும்போது, வேறொருவர் எழுதியது என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. லியோனர்ட் கோஹனின் ‘பேர்ட் ஆன் எ வயர்’ தான் புண்படுத்தியவர்களிடம் மன்னிப்பு வேண்டுகிற பாட்டு. கிரிஸ் கிரிஸ்டாஃபர்ஸனின் ‘வொய் மீ லார்ட்’ தகுதியற்றவனுக்குக் கிடைத்த தயையை எண்ணித் திகைக்கிற பிரார்த்தனை. கிரிஸ்டாஃபர்ஸன் ஒரு காலத்தில் நாஷ்வில்லில் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்துகொண்டு, அங்கே பாட வந்த கேஷின் பார்வையில் தம் பாட்டுகள் படாதா என்று ஏங்கியவர் என்பதை நினைத்தால் அந்தப் பிரார்த்தனைக்கு இன்னும் ஒரு அர்த்தம் சேர்கிறது. இரும்பிசைப் பாடகரான கிளென் டான்ஸிக் கேஷுக்கென்றே எழுதிக்கொடுத்த ‘தர்ட்டீன்’, துரதிருஷ்டத்தோடு பிறந்தவனுடைய வாக்குமூலம். தலைமுறையாலும் வேஷத்தாலும் கேஷிடமிருந்து இத்தனை தொலைவில் இருந்தவர்கள் அவருக்கு இத்தனை பொருத்தமாக எழுதினார்கள் என்றால், அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு உத்தமமாகத் தோன்றுவது டாம் வெய்ட்ஸ் எழுதிய ‘டௌன் தேர் பை த ட்ரெயின்’. பாவிகளுக்கென்று ஒரு ரயில் மெதுவாக வந்து நிற்கிற இடத்தைப் பற்றிய பாட்டு அது. யூதாஸுக்கும், லிங்கனைச் சுட்டுக் கொன்றவனுக்கும் கூட அதில் இடம் உண்டு. கேஷின் ஆரம்ப காலப் பாட்டுகளில் ரயில் எத்தனை தடவை வந்திருக்கிறது! ஃபோல்ஸம் சிறையைப் பற்றி அவர் பாடிய பாட்டிலே சிறைக்கைதியின் காதில் விழுந்து அவனை வதைப்பதும் ரயில்தான். நாற்பது வருஷத்துக்குப் பின் அதே வாகனம் அந்தக் கைதியை ஏற்றிக்கொள்ளவே திரும்பி வருவதுபோல் இந்தப் பாட்டு அமைந்திருக்கிறது. பாவிகளின் பட்டியலை அவர் படிக்கும்போது, ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் தயங்குகிறார். கண்டிக்கும் தொனி எங்கும் இல்லை. மன்னிப்பை ஆகாயத்தில் இருந்து பிரகடனம் செய்கிற குரலாக இல்லாமல், தாமும் அதே மேடையில் ரயிலுக்குக் காத்து நிற்கிற ஒருவரின் குரலாக அது இருக்கிறது.

அவரே எழுதியவற்றில் ‘டிரைவ் ஆன்’ வியட்நாமிலிருந்து திரும்பிய போர்வீரன் ஒருவன் பேசுவது. 1969-இல் மனைவி ஜூன் கார்ட்டருடன் அங்கே போய்ப் படைவீரர்களுக்குப் பாடிக் காயமுற்றவர்களையும் கண்டு வந்தவர் அவர். ஆனால் பாட்டு வருவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ‘லைக் எ ஸோல்ஜர்’ அதற்கு ஜோடி. அதில் யுத்தம் அவருடைய சொந்த வாழ்க்கையே. பிழைத்து மீண்டவனின் நன்றி. ‘ரிடெம்ப்ஷன்’ என்ற பக்திப் பாட்டு மட்டும், எண்ணத்தில் பெரிதாக இருந்தாலும், சொல்லில் சற்று வறண்டிருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றியிருக்கிறது.

இரண்டு பாட்டுகள் முன்கூடத்திலோ மரக்குடிலிலோ பாடப்பட்டவை அல்ல. லாஸ் ஏஞ்ஜலிஸின் ஸன்ஸெட் ஸ்ட்ரிப்பில் வைப்பர் ரூம் என்ற சிறிய கேளிக்கை விடுதியில், நடிகர்களும் இசைக்காரர்களும் நிறைந்த ஒரு சபைக்கு முன்னே, ‘டென்னஸி ஸ்டட்’, ‘த மேன் ஹூ குட்ன்ட் க்ரை’ ஆகியவற்றை அவர் பாடினார். கைதட்டலும் சிரிப்பும் தட்டில் கேட்கின்றன. இவை தட்டின் ஒருமையைக் கெடுக்கின்றன என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. அவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. இரண்டுமே கதைப் பாட்டுகள்; ஒரு குதிரையின் கதை, அழத் தெரியாத ஒரு மனிதனின் கதை. பாவமொப்புக்கொள்ளுவதற்கு ஒருவர் போதும், கதைக்குக் கூட்டம் வேண்டும். அந்த விவேகம் தட்டை அமைத்தவர்களுக்கு இருந்திருக்கிறது. ஆனாலும் லௌடன் வெய்ன்ரைட்டின் அந்த அழாத மனிதன் பாட்டைக் கடைசியில் வைத்தது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஜனங்கள் சிரிக்கிற இடங்களில் கேஷும் அவர்களுடைய சிரிப்புக்காகக் காத்திருக்கிறார், அதுவரை பார்த்திராத பழைய மேடைக்காரர் தலை காட்டுகிறார். ‘லைக் எ ஸோல்ஜ’ரோடு தட்டு முடிந்திருந்தால் என் மனம் இன்னும் நிறைந்திருக்கும்.

இத்தகைய வெறுமை அவருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸன் ரெக்கார்ட்ஸ் நாட்களில் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த லூதர் பெர்கின்ஸும் மார்ஷல் கிராண்டும் மெம்பிஸில் மோட்டார் கார் கம்பெனியில் மெக்கானிக்குகளாக இருந்தவர்கள். தாளக்காரர் அகப்படாததால் கேஷ் தம் கித்தார்க் கம்பிகளுக்கிடையே ஒரு காகிதத்தைச் செருகி அந்தச் சரசரப்பையே தாளமாக்கிக்கொண்டார். அது இல்லாமையிலிருந்து பிறந்த எளிமை, அழகானதும்கூட. 1994-இல் அவர் விரும்பியிருந்தால் எந்த வாத்தியமும் கிடைத்திருக்கும். எனவே இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஜாதியில் வேறானவை. முந்தியது, இருப்பதைக் கொண்டு வழி பண்ணிக்கொண்ட இளைஞர்களுடைய உற்சாகம். பிந்தியது, எத்தனையோ பாட்டுகளைப் பாடிப் பார்த்து, பெரும்பகுதியை விலக்கி, 13-ஐ மட்டும் நிறுத்திக்கொண்ட ஒரு பெரியவரின் தேர்ச்சி. எளிமையைச் சுலபம் என்று நினைப்பவர்கள், விலக்கப்பட்ட பாட்டுகள் பலவற்றைத் தொகுத்து 2003-இல் ‘அன்எர்த்ட்’ என்று வெளிவந்த ஐந்து தட்டுகளைக் கேட்டால், விலக்கப்பட்டவையே எவ்வளவு உயர்தரமானவை என்பதைக் கண்டு ஆச்சரியப்படுவார்கள்.

அந்த ஐந்தில் ஒன்று, தாயின் தோத்திரப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பாடியவை. ஆர்கன்ஸா மாகாணத்தில் டையஸ் என்ற அரசாங்கக் குடியேற்றத்தில், மூன்று வயதில் வந்து சேர்ந்து, பருத்திக்காட்டில் உழைத்து வளர்ந்தவர் கேஷ். 1944-இல் மரமறுக்கும் வட்டரம்பத்தில் அகப்பட்டு அண்ணன் ஜாக் இறந்துபோனான். அந்த வீட்டில் அதற்குப் பின் சந்தோஷம் வெகுவாகக் குறைந்துவிட்டது. குரல் உடைந்து ஆழ்ந்த ஸ்தாயிக்கு இறங்கியபோது அதைக் கடவுள் கொடுத்த கொடை என்று முதலில் அடையாளம் கண்டுகொண்டவர் தாய் கேரி. பிறர் துணிகளைத் துவைத்துக் காசு சேர்த்து மகனைப் பாட்டு வாத்தியாரம்மாளிடம் அனுப்பினார். அந்த அம்மாளோ சில பாடங்களுக்குள்ளேயே, நீ பாடுகிற விதத்தை யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆக அவருக்கு முதன்முதல் எதிரே அமர்ந்து கேட்டவர்கள் இந்த இரண்டு பெண்களே. இருவரும் அவரைத் திருத்த முயலவில்லை. தாய் 1991-இல் காலமானார். அடுத்த இரண்டு வருஷங்களில் ரூபின் வந்தார். தற்செயலான நிகழ்ச்சிகளுக்குள் நான் வலிந்து ஒழுங்கைத் தேடவில்லை. ஆயினும் தாயினுடைய பாட்டுகளை அவர் ரூபினுக்குப் பாடிக் காட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ வந்தபோது நாஷ்வில் வானொலிகள் அதை ஒதுக்கின. மற்ற இடங்களில் அது மிகவும் கொண்டாடப்பட்டது, 1995-இல் சமகாலக் கிராமிய இசைக்கான கிராமி விருதையும் பெற்றது. தட்டு வெளிவந்த 1994-ஆம் வருஷத்துக் கோடையிலேயே இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் அவருக்குப் பேரன் பேத்தி வயதுள்ள ஜனங்கள் அவரை வரவேற்றார்கள். பிறகு ரூபினோடு அவர் செய்த தட்டுகளில் வாத்தியங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. 1996-இல் டாம் பெட்டியின் குழுவே உடன் வாசித்தது. 2002-இன் ‘ஹர்ட்’ அவரை உலகம் முழுவதும் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. மறு வருஷம் மே மாதம் ஜூன் கார்ட்டரும், செப்டம்பரில் அவரும் மறைந்தார்கள். ‘ஹர்ட்’ பாட்டின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பியானோ உயர்ந்து உயர்ந்து நம் கண்ணீரைக் கோருகிறது. ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ நம்மிடம் கோருவது செவியை மட்டுமே.

கேஷைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிற நண்பர்கள் எந்தத் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. ஃபோல்ஸம் கச்சேரியை முதலில் கேளுங்கள், கைதிகளின் ஆரவாரத்தோடு அவர் எத்தனை பெரிய மேடைக்காரர் என்பது தெரியும். அதன் பின் 1994-இன் தட்டைக் கேளுங்கள். அதற்கும் பிறகு, 2004-இல் தனியாகவும் வெளிவந்த ‘மை மதர்’ஸ் ஹிம் புக்’கைக் கேளுங்கள் என்பேன். தாம் செய்த தட்டுகளிலெல்லாம் தமக்கு மிகப் பிரியமானது அந்தத் தோத்திரத் தட்டுத்தான் என்று கேஷ் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிரியமானது அது. எனக்குப் பிரியமானது நடுவில் நிற்பது. ‘டௌன் தேர் பை த ட்ரெயின்’ வருகிற இடத்தில் மட்டும் அறையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.